வால் நீண்ட காரும் வால் நறுக்கும் சட்டமும்

எஸ்டேட் என்றால் நமக்கு முதலில் நினைவிலெழுவது தேயிலையும் மலைப்பனியும்தான். வால்பாறையோ நுவரெலியாவோ, அவரவர் வாசிப்பைப் பொறுத்தது. ஆங்கிலேயர் அதே சொல்லைக் கார் வகை ஒன்றுக்கும் வைத்திருக்கிறார்கள் என்பது நம்மில் பலருக்குச் சற்றுத் தாமதமாகவே தெரியவருகிறது. பண்ணை மாளிகைக்கு வரும் விருந்தினரையும் அவர்களது மூட்டைமுடிச்சுகளையும் ரயிலடியிலிருந்து ஏற்றிவந்த வண்டியின் வழித்தோன்றல் அது. ஆகவே இங்கிலாந்தில் எஸ்டேட் கார். அமெரிக்கர்கள் பண்ணையை விட்டுவிட்டு ரயிலடியைப் பிடித்துக்கொண்டார்கள். அவர்களுக்கு ஸ்டேஷன் வேகன். ஜெர்மானியர் கோம்பி என்கிறார்கள். ஹாட்ச்பேக்கின் பெயரோ கப்பலிலிருந்து வந்தது. கப்பல் தளத்தில் தூக்கித் திறக்கும் மூடிக்கு ஹாட்ச் என்று பெயர். காரின் பின்கதவும் அப்படித் தூக்கித் திறப்பதுதான்.

வேடிக்கை என்னவென்றால், எஸ்டேட்டுக்கும் அதே கதவுதான். முன்பாதி, எஞ்சின், இருக்கைகள் பெரும்பாலும் ஒன்றே. பின்சக்கரத்துக்கு அப்பால் கூரையை இன்னும் ஒரு முழம் இழுத்து, அதன் கீழே டிக்கியை நீட்டினால் எஸ்டேட். முன்னதாகவே நறுக்கி நிறுத்தினால் ஹாட்ச்பேக். இந்த ஒரு முழத்துக்காகத்தான் சென்ற ஆண்டு எங்கள் நண்பர் ஒருவரின் வீட்டில் ஏறத்தாழ இரண்டு மாதம் பேச்சுவார்த்தை நடந்தது.

நண்பர் ஜெர்மனியில் ஷ்டுட்கார்ட் நகருக்கு அருகில் வசிக்கிறார். இரண்டு குழந்தைகள், அவ்வப்போது வந்து தங்கும் மாமியார், மாமியாரின் சக்கர நாற்காலி, மாதமொருமுறை நடக்கும் வாசிப்புக் கூட்டத்துக்கு அவர் சுமந்து செல்லும் மூன்று பெட்டிப் புத்தகங்கள். பழைய ஹாட்ச்பேக் ஓய்ந்துபோனது. கோல்ஃப் காரின் ஏழாம் தலைமுறையில் பழையது ஒன்று வாங்கலாம் என்று முடிவாயிற்று. ஹாட்ச்பேக்கா, வேரியண்ட் என்னும் எஸ்டேட்டா என்பதில்தான் இழுபறி. துணைவியாருக்கு எஸ்டேட். நண்பருக்கோ மனசாட்சி உறுத்தல். நீளமான கார் என்றால் கூடுதல் பெட்ரோல், கூடுதல் புகை. சூழலியல் கட்டுரைகளை மொழிபெயர்த்துவிட்டு அந்தக் காரில் எப்படி ஏறுவது என்று கேட்டார். நியாயம் சொல்லும்படி எங்களுக்கு எழுதினார்.

கவிதையும் சிறுகதையும் பேசுகிறவர்களுக்கு இந்த வழக்கு எதற்கு என்று நினைக்கும் அன்பர்கள் இருப்பார்கள். எங்களுக்கும் முதலில் அப்படித்தான் தோன்றியது. ஆனால் புத்தகப் பெட்டிகள் சம்பந்தப்பட்டுவிட்டதால் ஒதுங்க முடியவில்லை.

வழக்கு கோல்ஃப் பற்றியது என்பதால் கோல்ஃபையே எடுத்துக்கொள்வோம். ஏழாம் தலைமுறை ஹாட்ச்பேக் 2012-இல் வந்தது, வேரியண்ட் 2013-இல். முன்னதன் நீளம் 4,255 மில்லிமீட்டர், பின்னதன் நீளம் 4,562. டிக்கியின் கொள்ளளவு 380 லிட்டருக்கு எதிராக 605 லிட்டர். பின்னிருக்கைகளை மடக்கினால் 1,270-க்கு எதிராக 1,620. அதாவது ஓரடி நீளத்துக்கு ஒன்றரை மடங்குக்கும் மேலான டிக்கி. இதற்கு விலையாகக் கொடுக்கும் எரிபொருள் எவ்வளவு? இரு வடிவங்களிலும் ப்ளூமோஷன் என்ற சிக்கன டீசல் வகை விற்கப்பட்டது. அதன் அதிகாரபூர்வக் கணக்கு: ஹாட்ச்பேக்குக்கு 100 கிலோமீட்டருக்கு 3.2 லிட்டர், கிலோமீட்டருக்கு 85 கிராம் கரியமில வாயு. வேரியண்டுக்கு 3.3 லிட்டர், 87 கிராம்.

வித்தியாசம் இரண்டு கிராம். ஆண்டுக்கு 15,000 கிலோமீட்டர் ஓட்டுகிறவருக்கு 15 லிட்டர் டீசல், 30 கிலோ கரியமில வாயு. நண்பர் ஆண்டுதோறும் குடும்பத்துடன் சென்னைக்கு விமானத்தில் வந்துபோகிறார். அதில் தலைக்குப் பல நூறு கிலோ. அதைப் பற்றி அவர் எங்களிடம் நியாயம் கேட்டதில்லை.

இந்த 3.2-ஐயும் 3.3-ஐயும் வேதவாக்காக எடுத்துக்கொள்ள வேண்டியதில்லை என்பதையும் இங்கே சொல்லியாக வேண்டும். அன்றைய ஐரோப்பியச் சோதனை, என்.இ.டி.சி. என்று சுருக்கமாகச் சொல்லப்படுவது, ஆய்வுக்கூடத்தில் உருளைகளின் மீது 11 கிலோமீட்டர் ஓட்டிப் பார்ப்பது. இருபது நிமிடங்களுக்குள் முடிந்துவிடும். சராசரி வேகம் மணிக்கு 34 கிலோமீட்டருக்கும் குறைவு. இதில் எடையைக் கணக்கிட்ட முறைதான் எங்களுக்கு மிகவும் பிடித்திருந்தது. கார்களைப் படிப்படியாக வகுத்து வைத்திருந்தார்கள். 1,190 கிலோவுக்கு மேல் 1,305 கிலோ வரையிலான எல்லாக் கார்களும் சோதனைக்கூடத்தில் 1,250 கிலோதான். அதைத் தாண்டியவை 1,360 கிலோ. ஆக, ஹாட்ச்பேக்கைவிட நூறு கிலோ கூடுதலாக உள்ள ஓர் எஸ்டேட், அதே படிக்குள் நின்றுவிட்டால் எடையைப் பொறுத்தவரை இரண்டும் ஒன்றே. ஒரு கிலோ எல்லை தாண்டினாலோ நூற்றுப்பத்துக் கிலோவுக்கான தண்டனை. காகிதத்தில் நாம் கண்ட பல வித்தியாசங்களும் பல ஒற்றுமைகளும் இந்தப் படிக்கட்டின் விளைவுகள். 2017 செப்டம்பரிலிருந்து புதிய வகைக் கார்களுக்கு நடைமுறைக்கு வந்த டபிள்யூ.எல்.டி.பி. சோதனை இதை மாற்றியது. தூரம் 23 கிலோமீட்டருக்கு மேல், உச்ச வேகம் 131; குறிப்பிட்ட காரின் உண்மையான எடை, அதில் பொருத்தப்பட்ட கூடுதல் வசதிகள் எல்லாம் கணக்கில் வரும்.

பழைய சோதனையின் பொய் எவ்வளவு பெரியது? ஐ.சி.சி.டி. என்னும் ஆய்வு நிறுவனம் சோதனைக்கூட எண்ணையும் சாலையில் கண்ட எண்ணையும் ஆண்டுதோறும் ஒப்பிட்டு வந்தது. 2001-இல் இடைவெளி ஏறத்தாழ 9 விழுக்காடு. 2015-இல் 42 விழுக்காடு. நாற்பது விழுக்காடு ஆட்டங்காணும் தராசில் இரண்டு கிராமை நிறுத்துப் பார்த்துத்தான் நண்பர் தூக்கம் தொலைத்துக்கொண்டிருந்தார்.

சோதனைக்கூடத்தை விட்டு இயற்பியலுக்கு வருவோம். அங்கே பொய் சொல்ல முடியாது. கார் சீரான வேகத்தில் செல்லும்போது அதைப் பின்னுக்கு இழுப்பவை இரண்டு. ஒன்று சக்கரங்களின் உருளல் தடை; இது எடையைப் பொறுத்தது. மற்றது காற்றுத்தடை, இது முன்னிருந்து பார்க்கும்போது தெரியும் பரப்பையும், வடிவத்தையும், வேகத்தின் வர்க்கத்தையும் பொறுத்தது. 1,300 கிலோ எடையுள்ள நடுத்தரக் கார் ஒன்றுக்குச் சமதளத்தில் உருளல் தடை ஏறத்தாழ 13 கிலோ எடையின் இழுப்புக்குச் சமம். மணிக்கு 50 கிலோமீட்டரில் காற்றின் இழுப்பு சுமார் 8 கிலோ. 120 கிலோமீட்டரில் சுமார் 45 கிலோ. எஸ்டேட்டாக நீட்டியதால் நூறு கிலோ எடை கூடினால் உருளல் தடை ஒரே ஒரு கிலோ கூடும். நெடுஞ்சாலையில் மொத்தம் 58 என்பது 59 ஆகும். நகரத்துக்குள் நின்று நின்று புறப்படும்போது இந்த எடை இன்னும் சற்று உறைக்கும். ஒவ்வொரு சிக்னலிலும் அந்த நூறு கிலோவையும் சேர்த்தே உந்த வேண்டியிருக்கிறது. 45 கிலோ கூடினால் மைலேஜ் ஒரு விழுக்காடு குறையும் என்பது அமெரிக்க அரசு ஓட்டுநர்களுக்குச் சொல்லும் தோராயக் கணக்கு. அதன்படி பார்த்தாலும் எஸ்டேட்டின் அபராதம் இரண்டு, மிஞ்சிப்போனால் மூன்று விழுக்காடு.

நீண்ட வாலால் காற்றுத்தடை கூடாதா என்று நண்பர் கேட்டார். நல்ல கேள்வி. காற்று நம் பொதுப்புத்தியை மதிப்பதில்லை. 1984-இல் அகமது என்ற ஆய்வாளர் கார் போன்ற எளிய கட்டை ஒன்றைக் காற்றுச் சுரங்கத்தில் வைத்து, அதன் பின்புறச் சரிவின் கோணத்தை மாற்றி மாற்றி அளந்தார். சரிவு 30 பாகையை நெருங்கும்போது பின்பக்கம் சுழல்கள் கிளம்பித் தடை உச்சத்துக்கு ஏறியது. அதைத் தாண்டியதும் சட்டென விழுந்தது. அந்தக் கட்டை இன்றும் அவர் பெயராலேயே வழங்குகிறது. மழமழவென்று சரிந்திருப்பதெல்லாம் காற்றுக்கு உகந்தது என்று சொல்லிவிட முடியாது. செங்குத்தாக நறுக்கிய பின்புறமெல்லாம் கெட்டதும் அல்ல. வேரியண்டும் ஹாட்ச்பேக்கும் இரண்டுமே பின்னால் நறுக்கப்பட்டவைதாம், நறுக்கிய இடந்தான் வேறு. செடானோடு ஒப்பிட்டால் எஸ்டேட் தோற்கும் என்பதை மறைக்க வேண்டியதில்லை: ஆடி ஏ4 காரின் 2015-ஆம் ஆண்டுத் தலைமுறையில் செடானின் தடைக்கெழு 0.23, எஸ்டேட்டுக்கு 0.26 என்று அந்நிறுவனமே அறிவித்தது. ஆனால் நம் வழக்கில் செடான் கட்சிக்காரர் இல்லை.

எரிபொருள் சிக்கனத்தையும் புகையையும் ஒன்றெனவே பேசிவந்திருக்கிறோம். கரியமில வாயுவைப் பொறுத்தவரை அது சரி. ஒரு லிட்டர் பெட்ரோல் எரிந்தால் ஏறத்தாழ 2.3 கிலோ, டீசல் எரிந்தால் 2.6 கிலோவுக்குச் சற்று மேல். எந்தக் காரில் எரிந்தாலும் இதுவே. நுரையீரலைத் தொடும் நைட்ரஜன் ஆக்ஸைடுகளின் கதை வேறு. ஐரோப்பாவின் யூரோ 6 விதி டீசல் காருக்குக் கிலோமீட்டருக்கு 80 மில்லிகிராம், பெட்ரோல் காருக்கு 60 மில்லிகிராம் என்று வரம்பு வைத்தது. ஹாட்ச்பேக்குக்கு ஒன்று, எஸ்டேட்டுக்கு ஒன்று என்று அதில் பாகுபாடு கிடையாது. அந்த வரம்பு சாலையில் காக்கப்படுகிறதா என்பது எஞ்சினையும், புகையைச் சுத்திகரிக்கும் கருவியையும், அதை இயக்கும் மென்பொருளின் நாணயத்தையும் பொறுத்தது. 2015 செப்டம்பரில் அமெரிக்கச் சூழல் பாதுகாப்பு முகமை வோல்க்ஸ்வாகனின் டீசல் மோசடியை அம்பலப்படுத்தியபோது உலகம் அறிந்துகொண்டது இதைத்தான். அந்தப் புகைக்கும் டிக்கியின் நீளத்துக்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை. நண்பரின் ஊருக்கு இது ஏட்டு விவகாரமல்ல. ஷ்டுட்கார்ட் நகரம் 2019 ஜனவரி முதல் யூரோ 4 மற்றும் அதற்கு முந்தைய டீசல் வாகனங்கள் உள்ளே வரத் தடை விதித்தது. ஆகவே டீசலா பெட்ரோலா என்று இரண்டு மாதம் பேசியிருந்தால் அதில் பொருளிருந்திருக்கும்.

இனி, எங்களை உண்மையிலேயே திகைக்க வைத்த கணக்குக்கு வருகிறோம். ஹாட்ச்பேக் வாங்குகிற குடும்பம் கோடை விடுமுறைக்கு என்ன செய்கிறது? டிக்கி கொள்ளாததைக் கூரைமேல் ஏற்றுகிறது. நண்பரும் பழைய காரில் அதைத்தான் செய்துவந்தார். கூரைப்பெட்டி ஒன்று வைத்திருந்தார். அகலமான கூரைப்பெட்டி அமெரிக்க நெடுஞ்சாலை வேகத்தில், அதாவது மணிக்கு 105 முதல் 120 கிலோமீட்டரில், மைலேஜை 10 முதல் 25 விழுக்காடு வரை குறைக்கும் என்கிறது மேலே சொன்ன அதே அமெரிக்க அரசுக் குறிப்பு. ஆண்டுக்கு 15,000 கிலோமீட்டர், நூற்றுக்கு 6 லிட்டர் என்றால் 900 லிட்டர். எஸ்டேட்டின் மூன்று விழுக்காட்டு அபராதம் 27 லிட்டர். ஹாட்ச்பேக்கில் கூரைப்பெட்டியுடன் ஒரே ஒரு 2,000 கிலோமீட்டர் விடுமுறைப் பயணம், நூற்றுக்கு ஆறரை லிட்டர் அடிப்படையில் 130 லிட்டர். அதில் இருபது விழுக்காடு 26 லிட்டர். ஆண்டு முழுவதும் சேமித்ததை இரண்டு வாரத்தில் காற்றில் விட்டாயிற்று. விடுமுறை முடிந்தபின் பெட்டியைக் கழற்றச் சோம்பிக் கூரையிலேயே விட்டுவைப்போரின் கணக்கை நாங்கள் போடவில்லை. நண்பரும் அந்த வகை என்று துணைவியார் தனியே தெரிவித்திருந்தார்.

இதனால் எல்லாரும் எஸ்டேட் வாங்குங்கள் என்று சொல்லவரவில்லை. அலுவலகத்துக்குத் தனியாகப் போய்வருகிறவர், ஆண்டில் முந்நூறு நாள் வெறும் டிக்கியோடு ஓட்டுகிறவர், நூறு கிலோ இரும்பை வீணே சுமக்கிறார். அவருக்கு ஹாட்ச்பேக்கே சரி. இன்னும் சொல்லப்போனால் கோல்ஃபைவிடச் சிறிய ஹாட்ச்பேக் சரி. சிக்கனம் உண்மையில் கிடைப்பது ஒரு படி கீழே இறங்கும்போதுதான். ஹாட்ச்பேக் என்பது வடிவத்தின் பெயரேயன்றி அளவின் பெயரல்ல. சிறிய கார்கள் பெரும்பாலும் ஹாட்ச்பேக்குகளாக இருப்பதால், வடிவத்துக்கே சிக்கனத்தின் புண்ணியம் ஒட்டிக்கொண்டுவிட்டது. நண்பரின் மனசாட்சி ஏமாந்த இடம் இதுவென்று நினைக்கிறோம்.

பேச்சுவார்த்தையின் நடுவே கார் விற்பனையாளர் ஒருவர் மூன்றாவது வழியைக் காட்டினாராம்: இரண்டும் வேண்டாம், எஸ்யூவி எடுங்கள். கோல்ஃப் குடும்பத்திலேயே பிறந்த 2016-ஆம் ஆண்டு டிகுவானை எடுத்துக்கொண்டால், டிக்கி 615 லிட்டர். வேரியண்டைவிடப் பத்து லிட்டர்தான் கூடுதல். நீளம் 4,486 மில்லிமீட்டர், அதாவது வேரியண்டைவிடக் குறைவு. நிறுத்தும் இடத்தில் பார்த்தால் இதுதான் சிறிய கார் என்றுகூடத் தோன்றும். ஆனால் வேரியண்டின் உயரம் 1.48 மீட்டர்; டிகுவானின் உயரம் 1.63. இந்தப் பதினைந்து சென்டிமீட்டரால் காற்றை எதிர்கொள்ளும் பரப்பு பத்தில் ஒரு பங்கேனும் கூடுகிறது. 120 கிலோமீட்டர் வேகத்தில் காற்றின் இழுப்பு 45 கிலோ என்று பார்த்தோம்; அதில் பத்தில் ஒரு பங்கு நாலரைக் கிலோ. ஓரடி நீட்டியதற்கு ஒரு கிலோ. அரையடி உயர்த்தியதற்கு நாலரைக் கிலோ. எடைக்கூடுதல் தனி. சர்வதேச எரிசக்தி முகமையின் கணக்குப்படி எஸ்யூவி சராசரியாக ஒரு நடுத்தரக் காரைவிட 200 முதல் 300 கிலோ கூடுதல் எடையும் ஏறத்தாழ 20 விழுக்காடு கூடுதல் உமிழ்வும் கொண்டது. 2023-இல் உலகில் விற்ற கார்களில் 48 விழுக்காடு எஸ்யூவிகள். விற்பனையாளர் எஸ்யூவியைக் காட்டியபோது நண்பருக்குப் பெரிய உறுத்தல் எதுவும் எழவில்லை என்பதையும் பதிவு செய்கிறோம். அது நீளமாக இல்லையே.

நண்பரைக் குறை சொல்லிப் பயனில்லை. சட்டங்களே அப்படித்தான் பார்க்கின்றன. ஐரோப்பிய ஒன்றியம் 2009-இல் கார் நிறுவனங்களுக்குக் கிலோமீட்டருக்கு 130 கிராம் என்ற சராசரி வரம்பை விதித்தபோது, எடை கூடிய கார்களை விற்கும் நிறுவனத்துக்கு வரம்பைத் தளர்த்தியது. சராசரி எடை நூறு கிலோ கூடினால் 4.57 கிராம் கூடுதலாக உமிழலாம். அடுத்து வந்த 95 கிராம் வரம்பிலும் நூறு கிலோவுக்கு 3.33 கிராம் சலுகை இருந்தது. இரண்டு கிராமுக்காக ஒரு மனிதர் தவிக்கையில், எடைக்கு வெகுமதியாக மூன்று கிராமை எடுத்து நீட்டிய சட்டம் இது.

இந்தியாவில் சட்டம் எடையைப் பார்க்கவில்லை, நீளத்தைப் பார்த்தது. 2006-ஆம் ஆண்டு நிதிநிலை அறிக்கை, 4 மீட்டருக்கு உட்பட்ட, பெட்ரோலானால் 1,200 சிசி, டீசலானால் 1,500 சிசிக்கு மேற்படாத கார்களுக்கு உற்பத்தி வரியை 24 விழுக்காட்டிலிருந்து 16 ஆகக் குறைத்தது. நோக்கம் சிறிய காரை ஊக்குவிப்பது. விளைவு, வால் நறுக்கும் தொழில். டாட்டா 1992-இல் எஸ்டேட் என்ற பெயரிலேயே ஒரு காரையும், 2004-இல் இண்டிகோ மரினாவையும் கொண்டுவந்திருந்தது. இரண்டுமே நம்மவர்க்குப் பிடிக்கவில்லை. ஆம்புலன்ஸ் போலிருக்கிறது என்று கேலி பேசியவர்களில் நாங்களும் உண்டு. அதே இண்டிகோவின் வாலை 4 மீட்டருக்குள் நறுக்கி 2008-இல் வந்த இண்டிகோ சிஎஸ் வழிகாட்டியாயிற்று. நீளத்தில் இழந்ததை உயரத்தில் எடுத்துக்கொள்ளலாம் என்பது அடுத்த கண்டுபிடிப்பு. 2013-இல் சென்னைக்கு அருகே மறைமலை நகரில் உருவாகி வெளிவந்த ஃபோர்ட் ஈகோஸ்போர்ட்டின் நீளம் 3,999 மில்லிமீட்டர், உயரமோ 1.7 மீட்டர். வரிச்சட்டத்தை மடியில் வைத்துக்கொண்டு வரைந்த கார் என்று அதைச் சொல்லலாம். 2016-இல் மாருதியின் விட்டாரா பிரெஸ்ஸாவும் அதே கோட்டுக்குள் வந்து நின்றது. 4 மீட்டருக்குள் நின்றுவிட்டால் உயரம் எவ்வளவு என்று எவரும் கேட்பதில்லை. 2025 செப்டம்பரில் ஜிஎஸ்டி விகிதங்களை மாற்றியமைத்தபோதும் அந்த 4 மீட்டர் கோடு அழியவில்லை. கோட்டுக்குள் 18 விழுக்காடு, வெளியே 40. இந்த விகிதத்தில் இந்தியாவில் இனி எவரும் ஓர் எளிய எஸ்டேட்டை உருவாக்கப்போவதில்லை. சக்கர நாற்காலியும் பெட்டிகளும் ஏற்ற வேண்டிய குடும்பம் உயரமான ஒன்றைத்தான் வாங்கும். அதைக் காற்றில் தள்ளிச்செல்ல ஒவ்வொரு கிலோமீட்டருக்கும் பெட்ரோல் ஊற்றும்.

எங்கள் தீர்ப்பை நண்பருக்கு எழுதினோம். பெட்ரோல் எஞ்சின், யூரோ 6, வேரியண்ட், கூரைப்பெட்டி கூடாது. அவர் தீர்ப்புக்குக் காத்திருக்கவில்லை என்று பின்னர் தெரிந்தது. எங்கள் கடிதம் போய்ச்சேர்வதற்கு நான்கு நாள் முன்பே துணைவியார் முன்பணம் கட்டிவிட்டிருந்தார். மூன்று மாத ஓட்டத்துக்குப் பின் நூற்றுக்கு 6.1 லிட்டர் வருகிறதாம். பழைய ஹாட்ச்பேக்கின் கணக்கு நோட்டில் 6.3 என்றிருக்கிறது, ஆனால் அது பழைய எஞ்சின், ஆகவே நேர்மையான ஒப்பீடாகாது என்று அவரே எழுதியிருக்கிறார். புத்தகப் பெட்டிகள் மூன்றும் நாற்காலியும் டிக்கியில் பக்கவாட்டில் அடங்குகின்றன. கூரைப்பெட்டியை விற்க விளம்பரம் கொடுத்திருக்கிறார். இன்னும் விலைபோகவில்லை.